ஒரே இரவில் புகழ்பெற்ற டுக்கடாம் பிறகு என்ன ஆனார்?

1986 மே 7, செவில்லே. ஐரோப்பாவின் கிளப் அணிகளுக்கான கால்பந்துப் போட்டியான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ருமேனியாவின் ஸ்டியாவாவும் ஸ்பெயினின் பார்சிலோனாவும் கோலின்றி முடித்து, பெனால்டிக்குப் போயின. ஸ்டியாவா கோல்கீப்பர் ஹெல்முத் டுக்கடாம் முதல் மூன்று உதைகளுக்கும் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். 'மறுபடியும் வலமா?' என்று நான்காவதாக வந்த மார்கோஸ் தடுமாறியிருப்பார்; டுக்கடாமோ இடப்பக்கம் பாய்ந்து அதையும் தடுத்தார். நாலுக்கு நாலு! ஸ்டியாவா 2-0 என வென்றது. கிழக்கு ஐரோப்பாவுக்கு வந்த முதல் ஐரோப்பியக் கோப்பை அதுதான்.

அப்புறம் சில வாரங்களிலேயே வலக்கையில் ரத்த உறைவு, அறுவை சிகிச்சை. ருமேனியச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்கள் கையை உடைத்தார்கள் என்பது வெறும் வதந்தி, அவரே மறுத்திருக்கிறார். 1989இல் ஆராட் நகரின் சிறிய அணியான வாகோனுலுக்குத் திரும்பி ஆடினார். பயிற்சியாளராகப் பெயரெடுக்கவில்லை, எல்லைக் காவல் பணி, பிறகு ஸ்டியாவாவின் தலைவர் பதவி. 2024 டிசம்பரில் காலமானார். அந்த 27 வயதுக் கையை இழந்தது கால்பந்துக்குப் பெரிய நஷ்டம்.