கடல்நீர் மீன்தொட்டியில் திடீரென்று தட்டைப்புழு எப்படி வருகிறது, என்ன செய்வது?

கண்ணாடியிலும் கல்லிலும் செம்பழுப்பாகச் சில மில்லிமீட்டர் நீளத்தில், வால்பக்கம் பிளவுபட்டு ஒட்டிக் கிடப்பதைத்தான் தொட்டி வளர்ப்பவர்கள் தட்டைப்புழு என்கிறார்கள். முட்டம், குளச்சல் கரையில் பொறுக்கிய கல்லிலோ, கடையில் வாங்கிய பாசியிலோ ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். (உயிருள்ள பவளப்பாறையை எடுத்தால் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது தனிக்கதை.)

பெருகுவதற்குக் காரணம் நாம் போடும் தீவனம். தேங்காய்த் துருவல் சிந்திய அடுக்களையில் எறும்பு மொய்ப்பது போலத்தான். மிஞ்சிய தீவனமும் மீன்கழிவும் தண்ணீரில் தங்கினால் இவை பரவிவிடும். உடம்பிலிருந்தே குஞ்சு முளைத்துப் பிரிவதால் ஜோடிகூடத் தேவையில்லை.

எடுத்த எடுப்பில் மருந்து ஊற்றாதீர்கள். மொத்தமாகச் சாகும்போது இவை விடும் நஞ்சில் மீனும் சாகலாம். மெல்லிய ஏர் டியூபால் உறிஞ்சி வாளியில் விடுங்கள், தீவனத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் இதையே செய்யுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்தபிறகுதான் மருந்து. அப்போதும் நஞ்சை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனும், தண்ணீரை உடனே மாற்றப் புதிதாகக் கலக்கிய உப்புநீரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நாடாப்புழு மாதிரி இது மீனின் வயிற்றுக்குள் போய்க் குடியேறும் என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தச் செம்பழுப்புப் புழு அப்படிச் செய்வதில்லை, பவளத்தின்மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதுதான் இதன் முக்கியத் தொல்லை.