வீட்டில் எஸ்டிஎம் கட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப், சுருக்கமாக எஸ்டிஎம், 1981-ல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய கருவி. 1986-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை வீட்டு மேசையில் கட்டுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

லென்ஸ் இல்லை, வெற்றிடம் இல்லை, லட்சக்கணக்கில் செலவும் இல்லை. அணு தெரியும் என்பதை நம்பலாமா? (இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி)

நம்பலாம். கூரான உலோக முனையை, மின்சாரம் கடத்தும் ஒரு பரப்புக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிறுத்தி, நடுவே 50 மில்லிவோல்ட் கொடுத்தால், தொடாமலேயே மின்னோட்டம் பாயும். இதுதான் டனலிங். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் அந்த மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். முனையை வரிவரியாக நகர்த்தி (ஸ்கேன் செய்து) இந்த மாற்றத்தைப் பதிந்தால் அதுதான் படம். முனையின் நுனியில் ஓர் அணு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால், பின்னால் இருக்கும் அணுக்கள் கணக்கிலேயே வராது. அதனால்தான் பிளாட்டினம்-இரிடியம் கம்பியை நல்ல கட்டரால் சாய்வாக, இழுத்தபடியே வெட்டினால்கூட அணு தெரிகிற முனை கிடைத்துவிடுகிறது. முனை எளிது. அதிர்வும் மின் இரைச்சலும்தான் கடினம்.

பசர் வட்டை நான்காகப் பிரிப்பது எப்படி? நான் வெட்டியது உடைந்துவிட்டது.

முனையை நகர்த்துவது இந்தப் பசர் வட்டுதான்; அதில் மின்னழுத்தம் கொடுத்தால் உருமாறும் பீசோ பீங்கான் ஒட்டியிருக்கும். வட்டை வெட்டவே கூடாது. மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சை மட்டும் கீறிப் பிரிக்க வேண்டும். 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டை எடுத்து, எஃகு ஸ்கேலை வைத்து, புது பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் போடுங்கள். அழுத்தாமல், ஒரே கோட்டில் பலமுறை இழுங்கள். பூச்சு போய் அடியில் மங்கலான பீங்கான் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு நான்கு கால்பகுதிகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எங்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

அந்தப் பீங்கானில் ஈயம் இருக்கிறது. கீறும்போது பரப்பை ஈரமாக வைத்திருங்கள், முகக்கவசம் போடுங்கள், தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சாப்பிடும் மேசையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

சால்டரிங் அயர்னை ஒரு நொடிக்கு மேல் வைத்தால் அந்த இடம் சூடேறி பீசோ குணத்தை இழந்துவிடும். மெல்லிய எனாமல் கம்பிக்கு முதலில் ஈயம் ஏற்றிவைத்துக்கொண்டு, தொட்டு எடுங்கள். வட்டின் நடுவில், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிக்கு உறையாக வரும் அலுமினா குழாயில் ஒரு சிறு துண்டை எபாக்சியால் நிமிர்த்தி ஒட்டி, அதன் நுனியில் முனைக் கம்பியைப் பொருத்துங்கள். எதிரெதிர் கால்பகுதிகளுக்கு எதிர்மாறான மின்னழுத்தம் கொடுத்தால் குழாய் சாயும், முனை பக்கவாட்டில் நகரும். நான்குக்கும் சமமாகக் கொடுத்தால் மேலும் கீழும் நகரும். அசைவு வட்டுக்கு வட்டு மாறினாலும், வோல்ட்டுக்கு நூறு நானோமீட்டர் என்ற வரிசையில் இருக்கும். ஆகவே ±10 வோல்ட் தாராளம். யாரும் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆம்ப்ளிஃபயர் கட்ட வேண்டாம்.

கோவையில் லேத் வைத்திருக்கிறேன். கருவியின் உடலை எந்த உலோகத்தில் கடையலாம்? முனையைப் பரப்புக்கு எப்படி இறக்குவது?

ஐயா, உங்களிடம் லேத் இருப்பது பெரிய பலம். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், கனமாக, விறைப்பாக இருக்கட்டும். 20 மில்லிமீட்டர் பித்தளை 0.01 டிகிரி சூடேறினாலே 4 நானோமீட்டர் நீளும், அதாவது படம் முழுக்க நகர்ந்துவிடும். எனவே முனைப் பக்கமும் மாதிரிப் (படமெடுக்கும் பொருள்) பக்கமும் ஒரே உலோகத்தில், ஒரே நீளத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நீண்டு பெரும்பகுதி ஈடாகிவிடும்.

இறக்குவதற்கு மூன்று எம்3 ஸ்க்ரூ. முன்னால் இரண்டு, அந்தக் கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் பின்னால் முனை, 50 மில்லிமீட்டர் பின்னால் மூன்றாவது ஸ்க்ரூ. மூன்றாவதை 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) திருப்பட்டும். எம்3-ன் புரி இடைவெளி 0.5 மில்லிமீட்டர், மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 4096 அரைப்படி. படிக்கு 122 நானோமீட்டர், நெம்புகோலில் பத்தில் ஒன்றாகி முனையில் 12 நானோமீட்டர். ஒவ்வொரு படிக்கு முன்பும் பீசோவால் முனையை முழுக்க மேலே தூக்குங்கள். படி வைத்தபின் மெதுவாக இறக்கி, மின்னோட்டம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுபடி தூக்குங்கள். வந்த கணமே மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், அதன் சூடும் இரைச்சலும் படத்தைக் கெடுக்கும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதே கேள்வியைக் கேட்ட மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

அர்டுயினோ ஊனோ போதுமா?

போதாது. அதன் 10 பிட் உள்ளீடு இதற்குப் பத்தாது. 16 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்குவது), டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்குவது) வேண்டும். அதிலும் ±10 வோல்ட்டை 16 பிட்டில் பிரித்தால் படிக்கு 0.3 மில்லிவோல்ட், முனையில் 0.03 நானோமீட்டர். மேல்-கீழ் அசைவுக்கு இது கரடுமுரடு. அதற்கு மட்டும் ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) இன்டிகிரேட்டரால் ஃபீட்பேக், அதாவது மின்னோட்டம் மாறாதபடி முனையை ஏற்றி இறக்கும் சுற்று, கட்டினால் படியே இருக்காது.

முனையின் மின்னோட்டத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் முனை இல்லாமலேயே 2 நானோஆம்பியர் காட்டுகிறது.

கசிவு. 10 வோல்ட் பின்னுக்கும் இன்புட் பின்னுக்கும் நடுவே போர்டில் 10 கிகாஓம் இருந்தாலே 1 நானோஆம்பியர் பாயும், நாம் அளக்கப்போவதே அவ்வளவுதான். இன்புட் பின்னைப் போர்டில் பதிக்காமல் வளைத்துத் தூக்கி, 100 மெகாஓம் ரெசிஸ்டரின் காலோடு காற்றிலேயே இணையுங்கள். சால்டரிங் ஃபிளக்ஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். எல்எம்சி6001 போன்ற, பயாஸ் கரண்ட் (இன்புட் பின்னில் தானாகப் பாயும் மின்னோட்டம்) மிகக் குறைந்த ஆப்-ஆம்ப் நல்லது. முனையிலிருந்து வரும் கம்பி இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் எர்த் செய்த பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள்.

ரப்பர் பாதம் வைத்தால் அதிர்வு நிற்காதா?

நிற்காது. ரப்பர் உயர்ந்த அதிர்வெண்களைத்தான் தடுக்கும், கட்டடம் ஆடுவது சில ஹெர்ட்ஸில். ஸ்ப்ரிங்கில் தொங்கவிடுங்கள். எடையால் ஸ்ப்ரிங் 25 சென்டிமீட்டர் நீண்டால் ஆட்டம் நொடிக்கு ஒன்று, அதற்கு மேற்பட்ட அதிர்வுகள் பெரும்பாலும் கீழே வராது. அடியில் செம்புத் தகடும் எதிரே வலுவான காந்தங்களும் வைத்தால் ஊசலாட்டம் சீக்கிரம் அடங்கும். ஸ்கேன் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தரைத்தளம் கிடைத்தால் அங்கேயே வையுங்கள்.

கிராஃபைட்டில் 5 நானோமீட்டர் ஸ்கேன். வரிவரியாக அணுக்கள், இடைவெளி 0.25 நானோமீட்டர். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது!

ஒரு வரிக்கு எவ்வளவு நேரம்?

0.4 நொடி. திரும்பி வரவும் அதே.

அப்படியென்றால் முனையின் வேகம் நொடிக்கு 12.5 நானோமீட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிநொடி. அந்த நேரத்தில் முனை நகரும் தூரம் 0.25 நானோமீட்டர். 0.4 நொடி என்பது சரியாக 20 சுற்று, அதனால் ஒவ்வொரு வரியிலும் அலை அதே இடத்தில் விழுந்து நேர்க்கோடாக அடுக்கிக்கொள்கிறது. நீங்கள் படம் பிடித்திருப்பது பெரும்பாலும் மின்வாரிய இரைச்சலைத்தான்.

கிராஃபைட்டின் இடைவெளி 0.246 என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? கச்சிதமாகப் பொருந்துகிறதே. பீசோவின் அளவையும் இந்தப் படத்தை வைத்துத்தான் சரிசெய்தேன்.

படத்தை வைத்து அளவைச் சரிசெய்துவிட்டு, அந்த அளவைக் காட்டிப் படத்தை நிரூபிக்க முடியாது. மேலும் 0.246 என்பது புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம். கிராஃபைட்டில் ஒன்று விட்டு ஒரு அணுதான் பிரகாசமாகத் தெரியும், அவை முக்கோண அடுக்காக நிற்கும். வரிகளாகப் பார்த்தால் வரிக்கு வரி 0.213 இருக்க வேண்டும்.

வரி நேரத்தை 0.2 நொடியாக்குங்கள். இடைவெளி 0.5 ஆனால் அது இரைச்சல். வரி நேரத்தை மாற்றாமல் பரப்பை 2.5 நானோமீட்டராகக் குறையுங்கள். அணுக்கள் திரையில் இருமடங்கு பெரிதாக வேண்டும், இரைச்சல் அப்படியே நிற்கும். ஸ்கேன் திசையை 30 டிகிரி திருப்பினால் அடுக்கும் திரும்ப வேண்டும். முனையை 100 நானோமீட்டர் தூக்கிய பிறகும் கோடுகள் இருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை.

(இன்னொருவர்) எஃப்எஃப்டி ஃபில்டர் (படத்தில் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளை மட்டும் பிரித்தெடுப்பது) போட்டால் அறுகோணமாகவே வருகிறது. ஆய்வுக்கட்டுரைகளிலும் போடுகிறார்களே?

போடுகிறார்கள், அங்கே மூலப்படத்தைப் பார்த்த பிறகு. எஃப்எஃப்டி படத்தில் ஆறு புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் வெறும் இரைச்சலிலிருந்தும் அறுகோணம் வரும். ஃபில்டர் நீங்கள் கேட்டதைத்தான் தரும். கிராஃபைட் அனுபவசாலிகளையும் ஏமாற்றியிருக்கிறது: பரப்பின் படிக்கட்டு போன்ற விளிம்புகளே டிஎன்ஏ இழைபோலத் தோன்றும் என்று 1991-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆகவே மூலப்படமும் இரண்டு வேகங்களில் எடுத்த ஸ்கேனும் இல்லாமல் அணு தெரிந்தது என்று சொல்லாதீர்கள்.

(கிராஃபைட் படம் எடுத்தவர்) 0.2 நொடியில் எடுத்தேன். இடைவெளி 0.5 ஆகிவிட்டது. இப்போது என்ன செய்ய?

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள். ஆம்ப்ளிஃபயருக்கும் பேட்டரி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இனி வரி நேரத்தை 0.398 நொடியாக வைத்தால் மிச்சமிருக்கும் 50 ஹெர்ட்ஸ் சாய்ந்த கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்?

வெற்றிடமும் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் உள்ள தனி வேலை. இங்கே சுருக்கமாகச் சொன்னால் ஆபத்து.

டங்ஸ்டன் முனையை அரிக்க சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.

தம்பி, 100 மில்லி தண்ணீருக்கு 8 கிராம், 0.25 மில்லிமீட்டர் கம்பி, சில வோல்ட் டிசி. ஆனால் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முதல் கருவிக்கு இது தேவையே இல்லை, வெட்டிய பிளாட்டினம்-இரிடியமே போதும். பசர் வட்டைக் கீறும்போது முகக்கவசம் மறக்காதீர்கள்.

கிராஃபைட்டை எதால் சுத்தம் செய்வது?

எதாலும் வேண்டாம். செலோடேப்பை ஒட்டி உரித்தால் புதுப் பரப்பு கிடைக்கும். உரித்தது கண்ணாடிபோல் மின்ன வேண்டும், செதில் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு முறை உரியுங்கள்.