தங்கை அறையை விட்டு வெளியே வருவதில்லை: குடியாத்தம் சகோதரிக்கு

பாலியல் வன்முறை நடந்து மூன்று வாரம், 22 வயதுத் தங்கை யாரிடமும் பேசுவதில்லை, அம்மா தினமும் "என்னதான் நடந்துச்சு?" என்று கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் விசாரணை போலாகி, அவர் இன்னும் ஒடுங்கிவிடுவார். "உன்னை நம்புறேன், தப்பு உன் மேல இல்ல" என்பது போதும். இரவில் பக்கத்தில் படுக்கலாமா, விளக்கை அணைக்கலாமா, எல்லாம் அவரைக் கேட்டே செய்யுங்கள். தொடுவதற்கு முன்பும்தான். பறிபோனது அவருடைய முடிவெடுக்கும் உரிமை. அது இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் திரும்பும். சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அது போய்விட்டது. ஆனால் கர்ப்பப் பரிசோதனை இப்போது சரியாகக் காட்டும். எச்ஐவி சோதனையை இப்போதும், மூன்று மாதம் கழித்தும் செய்யுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சிகிச்சை இலவசம், தனியார் மருத்துவமனையும் மறுக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். இதைத் தங்கையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும். மனநல ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் 181 பெண்கள் உதவி எண்ணை அழைத்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேளுங்கள். பேச வேண்டியது அவர். நீங்கள் எண்ணைப் போட்டுக் கொடுத்தால் போதும்.