இணையத்தில் கதை

கேள்வி: சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் படிக்க ஆளில்லை. இணையத்தில் எங்கே போட்டால் உருப்படியான கருத்து கிடைக்கும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் போடுங்கள். 2014-ல் தொடங்கிய பெங்களூர் நிறுவனம், தமிழில் படிப்பவர்கள் அங்கே நிறைய. ஆனால் ‘அருமை, அடுத்த பாகம் எப்போ?’ என்று வருவதெல்லாம் ஊக்கம்தான், அதை வைத்துக் கதையைத் திருத்த முடியாது, அதனால் எந்த இடத்தில் சலித்தது, யார் பேச்சு ஒட்டவில்லை என்று கதைக்குக் கீழே நீங்களே கேட்டுவிடுங்கள். பிறர் கதைகளுக்கும் அப்படியே விரிவாக எழுதுங்கள். நெல்லைப் பேச்சு புரியவில்லை என்று யாராவது சொன்னால், அதற்காக ‘எங்க போறிய’ என்பதை மாற்றவே மாற்றாதீர்கள், அதுதான் உங்கள் பலம். அப்புறம், பத்திரிகைக்கு அனுப்பப்போகும் கதையை அங்கே போடவேண்டாம், பல இதழ்கள் வேறெங்கும் வெளிவராததைத்தான் கேட்கின்றன.