கேள்வி – பதில்: இடிக்கப்பட்ட கொட்டகை

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகையைச் சென்ற மாதம் இடித்துவிட்டார்கள். டி.வி. வந்ததால்தான் அது மூடப்பட்டது என்கிறார் என் தந்தை. அது மட்டும்தான் காரணமா? அதன் வரலாற்றை எழுத விரும்புகிறேன், எங்கே தொடங்கலாம்?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: உங்கள் தந்தை சொல்வது சரிதான்; ஆனால் நம் கடற்கரைக்கு டி.வி. வந்த வழியே வேறு. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிய வீடுகளில் கடலுக்கு அப்பாலிருந்து படம் தெரிந்தது; தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்காகத் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் காத்திருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீடியோ கேசட் ஓட்டும் டெக் கொண்டுவந்தார்கள். 1993இல் சன் டி.வி. தொடங்கியது, 323 மீட்டர் உயரமுள்ள இராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் 1995இல் எழுந்தபோது, கொட்டகைகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன.

கூரையையும் மறக்கக் கூடாது. ஊர் ஊராக இடம் மாறும் கொட்டகையான டூரிங் டாக்கீஸுக்குக் கிடைத்தது தற்காலிக உரிமம் என்பதால் ஓலைக் கொட்டகையாகவே பல நின்றன. உப்புக் காற்றில் ஓலை மக்கும், தகரமும் ஆணியும் துருப்பிடிக்கும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கைப்பணத்தைப் போட்டாக வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கி நின்றவற்றிலும் சில, பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, புதிய கருவி வாங்க வழியின்றிக் கதவடைத்தன.

ஆவணம் தேடினால், 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி வழங்கப்பட்ட 'சி' படிவ உரிமத்தைக் கேளுங்கள். 1985இல் பிரிக்கப்படும் வரை சிவகங்கையும் விருதுநகரும் நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்தன, ஆட்சியர் அலுவலகமோ மதுரையில் இயங்கியது என்பதை நினைவில் வையுங்கள். பழைய காகிதத்தைத் தேடி அங்கும் போக நேரலாம்.

ஆனால் காகிதம் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். முதலில் அங்கே படம் ஓட்டிய ஆபரேட்டரைத் தேடிப் போங்கள். சிறுவனாக நான் ஒரு புரொஜெக்டர் அறை வாசலில் நின்று ஆபரேட்டரின் வேலையைப் பார்த்திருக்கிறேன்: திரைக்கு ஒளி தர, செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் நுனிக்கு நுனி தொடாமல் எரியும், அவை தேயத் தேய, கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தபடி அவர் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார், சற்று அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். அந்தக் கை அறிந்ததை எந்த உரிமத்திலும் எழுதி வைக்கவில்லை.

கேள்வி: டூரிங் டாக்கீஸில் ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை விட்டது ஏன்?
– வாசகர், தொண்டி

பதில்: புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால்தான். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 15,000 அடிப் படத்தை ஒரே சுருளில் ஏற்ற முடியாது. நகரத் தியேட்டரில் ஒரு சுருள் முடியும் நொடியில் இரண்டாவது புரொஜெக்டர் தொடரும். இங்கே விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த சுருளை மாட்ட வேண்டும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்தவர், அதன் மேல் துண்டை விரித்துவிட்டு முறுக்கு வாங்கிவர அந்த நேரம் போதும்.