வடிகால் வழியாகவே தெருவுக்குத் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது?

மணலி புதுநகர் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அறுபது வீடுகள் உள்ள தெரு. இரண்டு வருடத்துக்கு முன் மழைநீர் வடிகால் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் பெரிய மழை வந்தால் அந்த வடிகால் மூடி வழியாகவே தண்ணீர் மேலே ஏறி, மூன்று நாள் நிற்கிறது. ரோட்டை உயர்த்தச் சொல்லலாம் என்கிறார்கள் சங்கத்தில் பாதிப் பேர். இதற்கிடையே ஒருவர் வந்து, வீட்டுக்கு எட்டாயிரம் கொடுத்தால் "உள்ளே பேசி" வடிகாலை நேராக ஆற்றோடு சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில் அந்த எட்டாயிரம். ஒருவரும் கொடுக்காதீர்கள். மழைநீர் வடிகாலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ரசீதில்லாமல் கையில் வாங்கும் வழக்கம் எந்த அரசுத் துறையிலும் கிடையாது. இப்படி வருகிறவர்கள் செய்யும் வேலை எனக்குத் தெரியும். ராத்திரியில் ஆள் வைத்து வடிகால் சுவரை உடைத்து, வீட்டுச் செப்டிக் டேங்க் குழாயை அதில் செருகிவிட்டு, "கனெக்‌ஷன் கொடுத்தாச்சு" என்று போய்விடுவார்கள். ஒரு தெருவில் மூடிக்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரிலும் நாலு அங்குல பிவிசி குழாய்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. மழைத்தண்ணீர் போக மிஞ்சியிருந்தது ஒரு சாண் இடம். அந்தத் தெருக்காரர்கள் காசு கொடுத்து வாங்கியது இதைத்தான். உங்கள் தெருவில் யாராவது ஏற்கெனவே அப்படிச் சேர்த்திருந்தால், அதைச் சங்கத்திலேயே பேசி எடுக்க வையுங்கள். உங்கள் வாசலில் ஏறுவது வெறும் மழைத்தண்ணீர் இல்லை.

சரி, தண்ணீர் ஏன் ஏறுகிறது? வடிகால் என்பது இரண்டு பக்கமும் வாய் திறந்த குழாய் மாதிரி. அதன் மறுமுனை ஆற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ போய்த் திறக்கிறது. அங்கே தண்ணீர் மட்டம் உங்கள் தெருவைவிட உயர்ந்தால், தண்ணீர் உங்களை நோக்கித் திரும்பும். பூண்டி ஏரி நிரம்பித் திறந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூருக்குத்தான் வரும். புழல் ஏரியின் உபரி நீரும் கொசப்பூர், சடையங்குப்பம் வழியாக அதே ஆற்றில் சேர்கிறது. இரண்டும் வரும் நேரத்தில் கடலில் ஓதம் (தினமும் கடல் மட்டம் ஏறி இறங்குவது) ஏறியிருந்தால், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குறைந்துவிட்டது என்று காட்டுக்குப்பம் மீனவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். நடவடிக்கை இன்னும் வேகம் பிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

இது உங்கள் தெருவிலும் நடக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். நாலைந்து நாள் மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடிகால் போய்ச் சேரும் இடத்துக்கு நடந்து போங்கள். சுவரில் தண்ணீர் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. மூன்று மணி நேரம் கழித்து ஒரு கோடு, ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. மழையே இல்லாமல் மட்டம் ஏறி இறங்கினால், கடல் ஓதம் அதுவரை வருகிறது என்று அர்த்தம்.

அப்புறம், வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் பரவியது நினைவிருக்கும். எர்ணாவூரில் ஒரு வீட்டில் அந்தக் கறுப்புக் கோடு ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அந்த அம்மா இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் கோடு மேலே ஊறி வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது வேதனை. ஆனால் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் கோடுகளைக் கொத்தனாரின் லெவல் ட்யூப் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால், அன்றைக்கு நீங்கள் எல்லோரும் ஒரே குளத்துக்குள் இருந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் தனித்தனியாக மனு போட்டுப் பயனில்லை.

ரோட்டை உயர்த்தும் பேச்சை விட்டுவிடுங்கள். ரோடு உயர்ந்தால் வீடு பள்ளமாகும், மிச்சத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். ரோடு போட வந்தால் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று நின்று கேளுங்கள்.

வடிகால் முனையில் ஷட்டர், அதாவது தண்ணீரை அடைக்கும் கதவு, போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். பொதுவாக வேண்டாம் என்பேன். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அது சரி. அதைச் சற்று விளக்க வேண்டும். வடிகால் நேராகப் பக்கிங்காம் கால்வாயிலோ கழிமுகத்திலோ விழுந்து, சுண்ணாம்புக் கோட்டில் ஓதம் ஏறுவதும் தெரிந்தால், வடிகால் முடியும் கடைவாயில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் ஃப்ளாப் வால்வு உதவும். வெளியே மட்டம் ஏறினால் அதுவே மூடிக்கொள்ளும். ஆனால் மூடியிருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரமும் உங்கள் தெருவில் பெய்யும் மழை எங்கே போகும்? அதற்கு ஒரு குட்டை வேண்டும், இல்லை மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு டீசல் வேண்டும், கரண்ட் போன ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஓட்ட ஆள் வேண்டும். வால்வில் பிளாஸ்டிக் பையோ ஆகாயத்தாமரையோ சிக்கினால் மூடாது, மூடினால் திறக்காது. ஆக குட்டை, மோட்டார், ஆள் மூன்றும் எழுத்தில் வந்தால் மட்டும் வால்வைக் கேளுங்கள். கைச்சக்கர ஷட்டர் என்றால், சாவி யாரிடம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

யாரிடம் போவது? தெரு வடிகால் மாநகராட்சி. ஆறும் உபரிக் கால்வாயும் நீர்வளத் துறை. பெரிய ரோட்டு ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஓர் அலுவலகத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தேன். "எங்கள் எல்லை இந்தப் பாலத்தோடு முடிகிறது" என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தங்களுடையது என்றார்கள். பாலத்துக்கு அடியில் இருந்த அடைப்பு அப்படியே கிடந்தது. கொசஸ்தலையாறு படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 251 மில்லியன் டாலர் கடனில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடிகால் திட்டம் போட்டார்கள். அந்தத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் முகத்துவாரத்தையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டாமா?

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இரண்டே எண்களைக் கேளுங்கள்: உங்கள் வடிகாலின் கடைவாய் அடிமட்டம் (அதன் தரை இருக்கும் உயரம்) எவ்வளவு, அதே இடத்தில் ஆற்றின் அதிகபட்ச வெள்ள மட்டம் எவ்வளவு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். முதல் எண் குறைவாக இருந்தால், வெள்ளத்தின்போது ஆற்றுத் தண்ணீர் வடிகாலுக்குள் திரும்பும் என்பது அவர்கள் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளையும் உங்கள் கோடுகளையும் எடுத்துக்கொண்டு, சடையங்குப்பம், எர்ணாவூர் வரை ஒரே தண்ணீரில் நிற்கும் தெருக்களைச் சேருங்கள். எல்லோரும் ஒரே வாசகத்தில் தீர்மானம் எழுதி, அவரவர் வார்டின் பகுதி சபையில் (நகரத்தில் கிராம சபை மாதிரி நடக்கும் கூட்டம்) வையுங்கள்.

மீனவர்களையும் கூப்பிடுங்கள். முகத்துவாரம் எந்த மாதம் அடைகிறது என்று தேதி வாரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள், வலைக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் வையுங்கள்.