வெந்தயம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உணவியல் ஆலோசகராக என்னிடம் அதிகம் விசாரிக்கப்படும் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு வெந்தயம்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், எனக்குச் சர்க்கரை இருக்கு. வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு, காலையில தண்ணிய மட்டும் குடிச்சிட்டு விதையைக் கொட்டிடறேன். சரிதானா?

தயவுசெய்து கொட்டாதீர்கள், சத்தே அதில்தான் இருக்கிறது. ஊறிய விதையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள், வழவழவென்று ஒட்டும். அந்தப் பிசின்தான் கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. வயிற்றில் அது கூழாகி, சாப்பாட்டிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் விதையோடு மென்று சாப்பிடுங்கள். அதிகாலையில் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதைவிட, சாப்பாட்டை ஒட்டி எடுப்பதே பொருத்தம்.

அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் விதை சுமார் 4 கிராம். பலன் தெரிந்த ஆய்வுகள் பலவற்றில் நாளுக்கு 5 முதல் 25 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். நான்கு விதையை வாயில் போட்டுக்கொண்டு சர்க்கரை இறங்கும் என்று காத்திருக்க முடியாது. அதற்காக முதல் நாளே 25 கிராமுக்குப் போய்விடாதீர்கள். வயிறு உப்பும், பேதியாகும். அரை டீஸ்பூனில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள்.

அப்போ மாத்திரையை விட்டுடலாமா?

கூடவே கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெந்தயத்தையும் நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே சோதித்துப் பாருங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அக்கா, எனக்கு ஏழாம் மாசம். உடம்புச் சூட்டுக்கு வெந்தயம் சாப்பிடச் சொல்றாங்க.

தாளிக்கப் போடும் அளவுக்குப் பயமில்லையம்மா. ஸ்பூன் கணக்கில் விழுங்குவதும், கேப்சூலாக எடுப்பதும் இப்போது வேண்டாம். அதிக அளவில் கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம். இன்னொன்று, பிரசவத்தை ஒட்டி நிறையச் சாப்பிட்டால் பிறந்த குழந்தையின் சிறுநீரில் மேப்பிள் பாகு (மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகு) வாடை வரலாம். அதே வாடையோடு ஓர் அரிய பிறவி நோயும் உண்டு என்பதால் மருத்துவர்கள் குழம்பியிருக்கிறார்கள். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தாய்ப்பால் ஊறுமா?

காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான் பாலைப் பெருக்கும்.

தினமும் சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து வியர்வையே ஒரு மாதிரி மணக்குது. ஏதாவது கோளாறா மேடம்?

கோளாறு இல்லை. வெந்தயத்தில் உள்ள சோட்டோலான் என்ற மணப்பொருள் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. கொஞ்சமே இருந்தாலும் மூக்குக்கு எட்டிவிடும். நியூயார்க் நகரத்தில் 2005 முதல் அவ்வப்போது காற்றில் மேப்பிள் பாகு மணம் வீசி மக்கள் குழம்பினார்கள். பக்கத்து நியூஜெர்சியில் வெந்தய விதையைப் பதப்படுத்திய ஓர் ஆலையிலிருந்து அது வந்தது என்று 2009-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

தலைக்கு அரைச்சுத் தேய்ச்சா முடி வளருமா?

அந்த வழவழப்பு முடியை மிருதுவாக்கும், சிக்கு எடுக்க எளிதாகும். வளர்ச்சிக்கு நான் உறுதி தரமாட்டேன்.

எனக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. வெந்தயம் சாப்பிடலாமா?

இரண்டும் ஒரே பயறுக் குடும்பம். சிலருக்கு இரண்டுமே ஒவ்வாமை தருகிறது. முதலில் ஒவ்வாமை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

முளைகட்டினா கசப்பு குறையுது, பச்சையாவே சாப்பிடறேன். நல்லதுதானே?

கசப்பு குறைவது உண்மை. ஆனால் விதை முளைவிடும் ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோதானவை. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய பயிர் மூலம் ஈ.கோலி என்ற பாக்டீரியா பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைதான் மூலமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. முளைகட்டுங்கள், ஆனால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.